ரங்கூன் டீச்சரின் காலண்டர் தாள்கள்

கூனிப்பொடியை ஈரத்துணியில் முடிந்து ஒரு வாரம் மறந்துவிட்டால் என்ன வாடை வருமோ, அந்த வாடைதான் சின்ன வயதில் எனக்குப் பர்மா. பாபநாசத்தில் எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் ரங்கூன் டீச்சர் என்றைக்காவது ஒரு நாள் "ஙாப்பி" என்கிற பர்மா மீன் விழுதை வதக்குவார்கள். அது தெருமுனை எஸ்.டி.டி. பூத் வரைக்கும் எட்டும். "ஆரம்பிச்சிட்டாங்கப்பா!" என்று அம்மா ஜன்னலைச் சாத்துவாள். நாங்கள் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வாசலில் ஓடுவோம், அந்தப் படைக்குத் தலைமை நான்தான். இதையெல்லாம் எழுதும்போதே கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் சொல்ல வந்த வெட்கக்கேடு இதைவிடப் பெரியது.

டீச்சர் என்று சொன்னாலும் அவர்கள் எங்கள் ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. ரங்கூனில் பிறந்து, அங்கேயே ஒரு பள்ளியில் வேலை பார்த்து, ராணுவம் ஆட்சிக்கு வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டபோது கைக்குழந்தையோடு கப்பலேறி வந்தவர்கள். அந்த ஊர் சர்டிபிகேட் இந்த ஊரில் செல்லாது என்று போன ஆபீசிலெல்லாம் சொல்லிவிட்டார்கள். அதனால் தையல் மெஷின். அதை மிதித்தே மகனை வளர்த்து, சிங்கப்பூருக்கு வேலைக்கும் அனுப்பிவிட்டார்கள். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை அந்த மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் அதை நிறுத்திவிட்டு ரேடியோவைத் திருகி, இரைச்சலுக்கு நடுவே பர்மா மொழியில் செய்தி கேட்பார்கள். கேட்டு முடித்ததும் மாதக் காலண்டரிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில், முன்பக்கம் சாமி படமோ உரக்கம்பெனி விளம்பரமோ எதுவானாலும் சரி, பொடிப்பொடியாகத் தமிழில் எழுதுவார்கள். பல வருஷத்துத் தாள்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன.

"என்ன டீச்சர் எழுதறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பர்மா ஏன் இப்படி ஆச்சுன்னு எழுதறேன் பாப்பா. நானே கேள்வி கேட்டுக்கிட்டு நானே பதில் சொல்லிப் பாக்கறேன்" என்றார்கள்.

அப்போது அங்கே தேர்தல் நடந்து, ஜெயித்தவர்களிடம் ராணுவம் ஆட்சியைக் கொடுக்காமல் உட்கார்ந்திருந்த சமயம். பிக்குகள் சிப்பாய்களிடம் பிச்சை வாங்க மாட்டோம் என்று பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டதாக ரேடியோவில் கேட்டுவிட்டு, டீச்சர் அன்றைக்கு முழுக்க அதையே பேசினார்கள். "பிக்கு சோத்தை வாங்கலேன்னா சிப்பாய்ங்களுக்குப் புண்ணியமே கிடையாது பாப்பா. துப்பாக்கி வெச்சிருக்கறவன் அதுக்குத்தான் நடுங்குவான்." இன்னொரு நாள், அந்த நாடும் இனி வெளிநாட்டு வியாபாரத்துக்குக் கதவைத் திறக்கப்போகிறது என்ற பேச்சு வந்தபோது, "கடையைத் திறப்பாங்க, சாவியைக் கொடுக்க மாட்டாங்க" என்று சொல்லி அதையும் எழுதிக்கொண்டார்கள். இந்த ஒரு வரியைத்தான் பிற்பாடு பெரிய பெரிய அறிஞர்கள் முந்நூறு பக்கத்தில் எழுத, நான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு பர்மா உண்டு. ஆனால் அது தாத்தாவின் பர்மா. அவர் இளவயதில் அங்கே ஒரு லேவாதேவிக் கடையில் ஏஜெண்டாக இருந்து, சொந்தமாகவும் நிலம் சேர்த்து, யுத்தத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காடு மலை தாண்டி நடந்தே வந்தவர். "ஐராவதிக் கரையில கண்ணுக்கெட்டின தூரம் நம்ம வயலு. அத்தனையும் பிடுங்கிக்கிட்டானுவ" என்று தேக்கு பீரோவைத் தட்டித் தட்டிச் சொல்வார். அந்த பீரோ கூட பர்மா தேக்கு. அப்பா சிங்கப்பூரில் இருந்தார், அவர் அனுப்பிய டூ-இன்-ஒன்னும் செண்ட் பாட்டிலும் அதே பீரோவில்தான் இருந்தன. தெருவிலேயே முதல் போன் எங்கள் வீட்டில். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் கிடந்தது.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பாவாடை சட்டைக்கு அளவு கொடுக்கப் போன இடத்தில், இந்த ஐராவதி வயல் கதையை டீச்சரிடம் பீற்றிக்கொண்டேன். அவர்கள் டேப்பை என் தோளில் வைத்தபடியே, "அந்த நிலம் உங்க தாத்தாவுக்கு எப்படி வந்துச்சு பாப்பா?" என்று கேட்டார்கள்.

"வாங்கினாரு."

"நெல்லு விலை விழுந்த வருஷம் பர்மாக்காரன் கடனைக் கட்ட முடியாம நின்னான். அவன்கிட்டருந்து எழுதி வாங்கினது அது. காவிரியில தண்ணி வராத ஒரு வருஷம் உங்க வயலை எவனோ வெளியூர்க்காரன் எழுதி வாங்கிக்கிட்டு, அதே வயல்ல உங்களையே குத்தகைக்கு வெச்சா உனக்கு எப்படி இருக்கும்? எங்களைக் கப்பல்ல ஏத்தினப்ப பர்மாக்காரங்க கைதட்டினாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. ஏன் தட்டினாங்கன்னு யாராவது கேட்டாங்களா?"

அவர்கள் கோபமாகச் சொல்லவில்லை. என் தாத்தாவைத் திருடன் என்றும் சொல்லவில்லை. எனக்கோ காது சிவந்து, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துரத்தியவனுக்கே பரிந்து பேசுகிறார்களே, இவர்களுக்கு என்ன கிறுக்கா என்று மனசுக்குள் வைதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

இது நடந்து கொஞ்ச நாளில் எங்கள் ஹெட்மாஸ்டருக்கு ஒரு கடிதம் வந்தது. மதராஸிலிருந்து ஒரு ஆராய்ச்சியாளர் டெல்டாவில் பர்மாவிலிருந்து வந்தவர்களைத் தேடிக்கொண்டு வருகிறார், அந்த நாட்டு அரசியலை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டு எழுதப்போகிறார் என்று. ஹெட்மாஸ்டர் டீச்சரிடமும் சொன்னார், தாத்தாவிடமும் சொன்னார். போன் இருந்ததால் அந்த ஆள் முதலில் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. டீச்சர் அந்த வாரம் முழுக்கத் தாள்களை வரிசைப்படுத்தி, ஓரத்தில் ஊசியால் தைத்து, கட்டுக் கட்டாக வைத்தார்கள். "முப்பது வருஷத்துல முதல் ஆளு பாப்பா, என்கிட்டக் கேக்கறதுக்குன்னு வர்றது" என்று சொன்னபோது அவர்கள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தேன். பார்த்த பிறகும்தான் அதைச் செய்தேன்.

சனிக்கிழமை காலையில் அவர் வந்தார். ஜிப்பா, தோளில் ஜோல்னா பை, கையில் டேப் ரெக்கார்டர். வாழைப்பூ வடை, காப்பி, சிங்கப்பூர் பிஸ்கட் என்று ஏக உபசாரம். தாத்தா பீரோவைத் தட்டிப் பேச ஆரம்பித்தவர் மதியம்வரை நிறுத்தவில்லை. "எழுதிக்குங்க தம்பி, எழுதிக்குங்க" என்று அவர் சொல்லச் சொல்ல, எனக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. எங்கள் தாத்தா புத்தகத்தில் வரப்போகிறார்!

பஸ் ஸ்டாப்புக்கு வழி காட்ட என்னை அனுப்பினார்கள். தெருவில் இறங்கியதும் அவர் நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "ரங்கூன்ல டீச்சரா இருந்த ஒரு அம்மா இந்தத் தெருவிலதான் இருக்காங்களாமே?"

 டீச்சர் அந்த வயல் கதையை இவரிடமும் சொல்வார்கள், அது அச்சில் வரும், தாத்தா தலைகுனிவார், பள்ளிக்கூடத்தில் என்னைக் கேலி செய்வார்கள். இவ்வளவும் ஒரு நொடியில் ஓடியது.

"அவங்க மகன்கிட்ட சிங்கப்பூர் போயிட்டாங்க சார்" என்றேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் இதைவிடச் சுலபமாகச் செலாவணியாகிற பொய் வேறு இல்லை. வீட்டுக்கு ஒரு ஆள் சிங்கப்பூர், துபாய் என்று போய்க்கொண்டிருந்ததால், போயிட்டாங்க என்றால் மேற்கொண்டு கேள்வியே கிடையாது. "அடடா" என்றார் அவர். நோட்டில் ஒரு கோடு கிழித்தார். டீச்சர் வீட்டு வாசலைத்தான் நாங்கள் அப்போது தாண்டினோம். எந்நேரமும் கடகடக்கும் அந்த மெஷின் அன்றைக்கு ஓடவில்லை. ஓடியிருந்தால் ஒருவேளை யார் தைக்கிறார்கள் என்று கேட்டிருப்பார். விருந்தாளிக்காக அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது டீச்சர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். சேலையில்லை, பச்சையில் பூப்போட்ட பர்மா லுங்கியும் வெள்ளைக் குட்டைச் சட்டையும், கொண்டையில் மல்லிகைப் பூவும். நான் அதுவரை அவர்களை அந்தக் கோலத்தில் பார்த்ததில்லை. "அந்த சார் கிளம்பிட்டாரா பாப்பா? இங்க எப்ப வருவாராம்? காப்பி ஆறிடுமேன்னு இன்னும் கலக்கல."

"தெரியல டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஓடுகாலிச் சனியன்!

அன்று முழுக்க மெஷின் சத்தம் கேட்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாதாகோயில் மணியடித்தால் முதல் ஆளாகப் போகிறவர்கள் அன்றைக்குப் போகவில்லை, ஆள் வந்து திரும்பிப் போய்விடக் கூடாதே என்று. திங்கட்கிழமை காலையில் மெஷின் மறுபடி ஓடியது. அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பொங்கலுக்கு வீட்டில் எனக்குத் தாவணி எடுத்தார்கள். ரவிக்கை தைக்கக் கொடுத்து, வாங்கப் போனபோது டீச்சர் என் அளவுக்கு வெட்டிய காகிதத்தையும் எடுத்து நீட்டினார்கள். "இதையும் வெச்சுக்க. நாளைக்கு வேற யார்கிட்ட தெச்சாலும் கைக்கு இதே அளவு சொல்லு." ரவிக்கைக் கையளவுக்கு வெட்டிய அந்தத் தாளின் ஒரு பக்கம் மாரியம்மன் படத்தின் பாதி, மறுபக்கம் பொடிப்பொடியாக எழுத்து.

"டீச்சர், இது நீங்க எழுதினதாச்சே!"

"யாரும் கேட்டு வரல. பெட்டியில வெச்சு என்ன பண்ண? கெட்டித் தாளு, கட்டிங்குக்கு நல்லாருக்கு" என்று கத்தரியை எடுத்துக்கொண்டார்கள். அந்த வருஷம் தாவணி போட்ட எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேருடைய ரவிக்கையும் அந்தத் தாள்களில் வெட்டியதுதான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த ஆராய்ச்சியாளரின் விலாசம் தாத்தாவின் டைரியில் பத்திரமாக இருந்தது. ஒரு கார்டு போட்டிருந்தால் போதும். சொல்லவில்லை, போடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மகன் வந்து டீச்சரை நிஜமாகவே சிங்கப்பூருக்கு அழைத்துப் போனார். என் பொய் உண்மையாகிவிட்டது என்று அன்றைக்கு ஒரு அற்ப சந்தோஷம்கூடப் பட்டேன். கார் கிளம்பும்போது என் கன்னத்தைத் தொட்டு, "நல்லாப் படி பாப்பா" என்றார்கள்.

படித்தேன். சரித்திரம் படித்து இப்போது ஒரு கல்லூரியில் அதையே நடத்துகிறேன். டீச்சர் வீடு இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை. பீரோவைத் தம்பி விற்றுவிட்டான். ஙாப்பி வாடை தெரிந்த மூக்கு இனி அந்தத் தெருவில் கிடையாது. மிச்சம் இருப்பது அந்த ஒரு கையளவுத் தாள்தான். அதில் கடைசி வரி இது: "எங்கள் கப்பல் நகர்ந்தபோது கரையில் நின்ற பர்மாக்காரர்கள் சிலர் அழுதார்கள். இதை நான் இந்த ஊரில் யாரிடமும் சொல்வதில்லை. ஏனென்றால்". அதற்கு மேல் கத்தரி போய்விட்டது.

போன மாதம் தஞ்சாவூரில் ஒரு கருத்தரங்கு. பர்மாவின் ஆட்சி மாற்றங்களைப் பற்றி ஒரு இளம் ஆய்வாளர் கட்டுரை வாசித்தாள். திரும்பி வந்த தமிழர்கள் தாங்கள் பட்ட கஷ்டத்தைச் சொன்னார்களே தவிர, பர்மாச் சமூகத்தைப் பற்றி யோசித்து எழுதியதாக ஒரு துண்டுக் காகிதமும் கிடைக்கவில்லை என்று முடித்தாள். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, "இருக்கும்மா" என்றேன். கைப்பையில் எப்போதும் கிடக்கிற அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன். நான் சொன்ன பொய்யையும் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அவள் படித்துவிட்டுக் கண் விரிய, பேனாவைத் திறந்து கேட்டாள்:

"எழுதினவங்க பேரு என்னங்க மேடம்?"

வாயைத் திறந்தேன். வரவில்லை. மறந்துபோகவில்லை, எனக்குத் தெரிந்ததே இல்லை. வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். "சாமுவேல் அம்மான்னு கூப்பிடுவோம்டி. பேரெல்லாம் யாரு கேட்டா?" என்றாள்.

உள்ளே போனபோது அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். "பாபநாசத்துத் தையற்காரர் ஒருவர், பெயர் தெரியவில்லை" என்று இருந்தது. தையற்காரர் என்பதை அடித்துவிட்டு டீச்சர் என்று போடச் சொன்னேன். மீதியை என்னால் திருத்த முடியவில்லை.