விளக்கு எரிந்தால் வேளாங்கண்ணி

போன செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது என் வீட்டுக்காரர் சொன்னார்: "நீ சொன்னதுதான் சரி. பெட்ரோல் வண்டியே வாங்கியிருக்கணும்."

நீ சொன்னதுதான் சரி! கல்யாணமான நாளிலிருந்து நான் காத்திருந்த வாக்கியம். நியாயமாக நான் தெருவுக்கே சர்க்கரை கொடுத்திருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷமே வரவில்லை. ஏன்? சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் சூசையை இந்தப் பத்தி படிக்கிறவர்களுக்குத் தெரியும். திருவையாற்றில் வாழைத்தார் வியாபாரம். ஆற்றுப் படுகையில் வெட்டும் தாரை மண்டியில் கொண்டுவந்து போடுவதற்கு ஒரு சின்ன பிக்கப் வாங்குவது என்று முடிவானது. டீசலா, பெட்ரோலா? ஒரு மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

அவர் டீசல் கட்சி. தார் ஏற்றிய வண்டி படுகையிலிருந்து ஆற்றங்கரை மேல் ஏற வேண்டும். ஈரமண், சரிவு. அந்த இடத்தில் பெட்ரோல் வண்டிக்கு மூச்சு வாங்கும், டீசல்தான் முக்காமல் முனகாமல் இழுக்கும் என்றார். மைலேஜும் கூட வருமாம்.

நான் பெட்ரோல் கட்சி. கரை ஏறுவது ஒரு நிமிஷ வேலை... அதற்குப் பிறகு மண்டி கூப்பிடு தூரம். இதற்குப் போய் வண்டி விலையும் அதிகம், சர்வீஸ் செலவும் அதிகம் என்று ஒரு டீசல் எதற்கு? மைலேஜில் மிச்சம் பிடிக்க வண்டி முதலில் ஓட வேண்டாமா?

நல்ல வாதம்தான். ஆனால் டீசல்தான் வாசலில் வந்து நின்றது. ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி வண்டியை மந்திரித்துவிட்டுப் போனார்.

சில வாரங்களிலேயே டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. டப்பாவுக்குள் கடுகைக் கொட்டி வைத்ததுபோல் ஒரு படம். சூசை அதைத் துணியால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிக்கொண்டு போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

அங்கே இருந்தவர் பொறுமையாக விளக்கினார். இப்போது வரும் டீசல் வண்டிகளில் புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்க ஒரு ஃபில்டர் இருக்கிறதாம். வண்டி விடாமல் வேகமாக ஓடினால் சூட்டில் அந்தக் கரி தானே எரிந்துவிடும். படுகைக்கும் மண்டிக்கும் உருண்டுகொண்டே இருந்தால் அடைத்துக்கொள்ளும்.

"லைட்டு எரிஞ்சா ஹைவேல ஒரு நல்ல ஓட்டு ஓட்டிட்டு வாங்க சார். நடுவுல நிறுத்தாதீங்க," என்றார்.

சூசையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! லோடு இல்லாமல் ஒரு கிலோமீட்டர் போனாலும் உயிர் போகிற மனுஷர். தஞ்சாவூரைத் தாண்டி என்னை அழைத்துப் போனார் என்றால் ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் சாவு. சும்மா ஊர் சுற்றுவது என்பதே அவருக்குக் கிடையாது. இப்போது காலி வண்டியை, டீசலை எரித்துக்கொண்டு, மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டுவதுபோல ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

காலியாகத்தானே போகிறீர்கள், நானும் வருகிறேன் என்றேன். மறுக்க அவரிடம் காரணம் எதுவும் இல்லை.

நாகப்பட்டினம் ரோட்டைப் பிடித்தோம். முன்சீட்டில் நான், ஜன்னல் வழியே காற்று. டீக்கடை வரும்போதெல்லாம் நான் அவரைப் பார்ப்பேன், அவர் விளக்கைப் பார்ப்பார். நிறுத்தக் கூடாதல்லவா? கரி எரியும் நேரமாகப் பார்த்து நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக்கொண்டது. அந்த கேட்டில் நின்றவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. எரிந்தது பாதியில் நின்று, மறுபடியும் முதலிலிருந்து. கேட்டை மூடியவர் நன்றாக இருக்கட்டும்... திருவாரூரை நெருங்கும்போதுதான் விளக்கு அணைந்தது.

அணைந்த மறு நொடியே இண்டிகேட்டரைப் போட்டார் மனுஷர். வீட்டுக்குத் திரும்ப!

வேளாங்கண்ணிக்கு வருகிறேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றேன். வாய்க்கு வந்த பொய். மாதா பெயரைச் சொன்ன பிறகு அவரால் திரும்ப முடியுமா? கோயிலுக்குப் போனதும் முதல் வேலையாக ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து அந்தப் பொய்யைக் கழுவிக்கொண்டேன். பிறகு கடற்கரை, அலையில் கால் நனைத்தது, வறுத்த மீன். மீனை அவரும் ரசித்துத்தான் சாப்பிட்டார்.

அதிலிருந்து விளக்கு எரிந்தால் எங்களுக்குப் பயணம். மயிலாடுதுறையில் என் தங்கை வீடு, திருச்சி, மறுபடி வேளாங்கண்ணி... சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டதும் லைட் எரிந்ததா என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கு ஓடுவேன். எரியாத வாரம் எனக்கு முகம் தொங்கிவிடும். வண்டி கெட்டுப்போகவில்லையே என்று வருத்தப்பட்ட ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் செவ்வாய்க்கிழமை அந்தத் தீர்ப்பு. டீசலைக் கொடுத்துவிட்டுப் பெட்ரோல் வண்டி எடுத்துக்கொள்ள ஒரு புரோக்கர் ஆள் பார்த்து வைத்திருக்கிறாராம். நான் சரி என்றால் முடிந்தது.

வாதத்தில் ஜெயிப்பதா, ஊர் சுற்றுவதா?

யோசிக்கவே இல்லை நான். கரை, ஈரமண், சரிவு, இழுவை, மைலேஜ் என்று அவர் சொன்ன அத்தனையையும் அவருக்கே எடுத்துச் சொன்னேன். பெட்ரோல் வண்டி தாரோடு சரிவில் பின்னால் உருண்டு வந்ததை நேரில் பார்த்தவள் மாதிரி பேசினேன்.

அவர் துண்டில் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "வெளியில போறதுக்குத்தானே? அதுக்குப் பெட்ரோல் வண்டியிலயும் போலாமே," என்றார்.

கண்டுபிடித்துவிட்டார். இனி மறைத்து என்ன?

"போலாங்க. ஆனா அதுல லைட்டு எரியாதே. லைட்டு எரியலன்னா என்னைக் கூட்டிட்டுப் போவீங்களா?"

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன். கேட்டு முடிக்கும்போது வேடிக்கை போயிருந்தது. இவ்வளவு நாள் இது எனக்கு இவ்வளவு குறையாக இருந்திருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். போனை எடுத்துப் புரோக்கரிடம், "வேணாங்க. வீட்ல டீசல்தான் வேணும்ங்கிறாங்க," என்றார். வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தரங்கம்பாடி போய்வரலாமா என்று கேட்டார்.

விளக்கு எரிந்ததால்தான் கேட்கிறாரோ என்று சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தேன்.

விளக்கு எரியவே இல்லை.