ஒன்றரைக் கிலோ கூடிய பெட்டி

என் தங்கை அல்போன்சம்மாவின் புருஷன் எமிலியானுஸ் மொன்றியால் வில்லரேயில் முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார். அந்த முப்பது வருடத்தில் அவர் நம்பிய ஆட்களை எண்ண ஒரு கை போதும். அதிலும் பெருவிரலை மடக்கியே வைத்திருக்கலாம். டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கினால் கடைசி வரிசைக்குள் தோள்வரை கையை விட்டு எடுப்பார். பல்லுப் பிடுங்கினால் அந்தப் பல்லைக் கேட்டு வாங்கி, தன்னுடையதுதானா என்று ஓட்டையோடு பொருத்திப் பார்ப்பார். கோயிலில் தீர்த்தம் தொடமுன், இது எந்தக் கிழமை மந்திரித்தது என்று பாதரிடமே விசாரித்தவர்.

பிறந்தது மன்னார் பேசாலையில். டோர்வல் விமான நிலையத்தில் இருபத்தேழு வருடம் பெட்டி ஏற்றி இறக்கினார். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வாயைப் பிளந்துகொண்டு வந்த பெட்டிகளைக் கண்டவர் என்பதால், தன் பெட்டியை இன்னொருவர் தொட விடமாட்டார். தானே அடுக்கி, தானே மூடி, ஸிப்பின் இரண்டு காதுகளையும் வலை நூலால் சேர்த்து ஒரு முடிச்சுப் போடுவார். பேசாலை வலைக்காரரின் முடிச்சு அது. வலமும் இடமும் மாறி மாறி ஏழு சுற்று. பிறகு பெட்டியைத் தூக்கி, கண்ணை மூடி, "பத்தொன்பதரை" என்பார். தராசும் பத்தொன்பதரைதான் காட்டும். எங்கள் வீட்டுத் தராசு ஒருமுறை வேறு காட்டியது. தராசைத்தான் எறிந்தோம்.

இவர்களுக்கு ஒரே பிள்ளை, றொஷினி. பொறியியல் படித்து, டவுன்டவுனில் லிப்ட் செய்யும் கம்பனி ஒன்றில் சேர்ந்தாள். கம்பனி அவளை ஆறு மாதத்துக்கென்று சீனாவுக்கு அனுப்பியது. ஆறு மாதம் இரண்டரை வருடமாகிவிட்டது. இந்த மே மாதம் தாய் தகப்பனுக்கு டிக்கற் அனுப்பி, "நான் லிப்ட் போட்ட ஹோட்டலில நாலு நாள் வந்து நில்லுங்கோ. ஒரு விசயம் நேரில கதைக்கோணும்" என்றாள்.

"கதைக்கிறதுக்கு ஏன் சொகுசு ஹோட்டல்?" என்றார் எமிலியானுஸ். "ஆட்டுக்கு மாலை போடுறாள்."

அவருக்கு இருந்தது ஒரே பயம்: பிள்ளை இனி மொன்றியாலுக்குத் திரும்பமாட்டாள். அவளைக் கையோடு கூட்டி வருவதென்றுதான் அவர் விமானம் ஏறினார்.

நான் கூடப் போகவில்லை. தங்கை சொன்னதைக் கொஞ்சம் உப்புத் தூவித்தான் சொல்கிறேன். இரண்டு விமானம், பிறகு ஐந்து மணித்தியாலக் கார். மலைக்குப் பின்னால் மலை. கடைசியில் ஒரு வெட்டவெளி, அதன் நடுவில் கண்ணாடியால் செய்த வரவேற்பறை. சுற்றிவர ஹோட்டல் எதையும் காணவில்லை.

"மிச்சம் எங்க?" என்று எமிலியானுஸ் கேட்டார். அங்கே நின்ற பெண் சிரித்தபடி நிலத்தைக் காட்டினாள்.

பூமி வாய் திறந்து கிடந்தது. எங்கள் ஒலிம்பிக் ஸ்டேடியத்தை அப்படியே தூக்கி உள்ளே வைக்கலாம், அவ்வளவு பெரிய கிடங்கு. அதன் கற்சுவரில், அலுமாரியின் இழுப்பறைகளைப் பாதி இழுத்து விட்டதுபோல அறைகள் துருத்திக்கொண்டிருந்தன. எந்த அறைக்குப் போவதானாலும் லிப்டில் கீழேதான் போக வேண்டும்.

"மனிசரை உயிரோட இறக்கிற இடத்தை இண்டைக்குத்தான் காணுறன்" என்றபடி இறங்கினார்.

அறையில் பாதித் தரை கண்ணாடி. அதற்கு அடியில் இருநூறு அடி வெறுமை. அதற்கும் கீழே மூங்கில் காடு. எமிலியானுஸ் கண்ணாடியை மிதிக்கவில்லை. சுவரோடு ஒட்டி நண்டுபோல நடந்தார். கொஞ்ச நேரத்தில் கதவில் பாட்டுச் சத்தம். குளித்துத் துடைக்கத் துவாய் கொண்டு வந்திருந்தது ஆளில்லை, சக்கரம் வைத்த ஒரு றோபோ. அதனிடம் அவர் அடையாள அட்டை கேட்டார் என்று தங்கை சத்தியம் பண்ணுகிறாள். கேட்டிருப்பார். அது காட்டியது என்பதைத்தான் நான் நம்பவில்லை.

அந்த விசாரணை கால் மணித்தியாலம் நடந்தது. துவாயை வாங்கி, உதறிப் பார்த்து, உள்ளே வந்து, பெட்டியைச் சுவர்ப்பக்கம் வைக்கத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

"இருபத்தொண்டு" என்றார். முகம் கறுத்துவிட்டது.

யாரோ வைத்த சாமானுக்குப் பெட்டிக்காரன் சிறைக்குள் மறியலில் கிடந்த கதைகளை அவர் நிறையக் கேட்டிருக்கிறார். போதைமருந்து என்றால் இந்த நாட்டில் மறியலோடும் விடமாட்டார்கள். முதலில் கார்க்காரனைச் சந்தேகித்தார். பிறகு வரவேற்பறைப் பெண்ணை. சும்மா யாராவது அப்படிச் சிரிப்பார்களா? பிறகு துவாய் மறைவில் எதையாவது தள்ளியிருக்குமோ என்று றோபோவை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முடிச்சைப் பார்த்தார். ஏழு சுற்று. வலம், இடம். அவருடைய முடிச்சேதான்.

மொன்றியாலில் அந்த முடிச்சுத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். கலியாணமான புதிதில், பேசாலைக் கடற்கரையில் கிழிந்த வலை பொத்தும்போது, மற்றவளுக்கு அவரே காட்டிக் கொடுத்தது. நாற்பது வருடத்தில் அவர் சந்தேகிக்காத ஒரே ஆள்.

"அல்போன்ஸ், என்ர பெட்டிக்கை என்ன வைச்சனி?"

"முதல் இருங்கோ."

"நான் நிண்டே கேக்கிறன்."

"கண்ணாடிக்கு மேல நிக்கிறியள்."

அவர் குனிந்து பார்த்தார். உடனே கட்டிலில் இருந்தார்.

பெட்டிக்குள் கூறைச்சேலை இருந்தது. அதனோடு ஒரு பட்டு வேட்டியும் சால்வையும். அதுவரை தங்கையின் கைப்பையில் கிடந்தவை. அவர் பிறஷருக்குப் போடும் குளிசையும் அதே பையில் இருந்ததால், எந்த நேரமும் கையை விடுவார் என்று பயந்து, அவர் றோபோவை விசாரித்த நேரத்தில் இடம் மாற்றியிருக்கிறாள். கூறையை ரொறொன்ரோவில் தேடி எடுத்தவள் நான். அதனால் இன்றுவரை நான் போடும் தேத்தண்ணியை, "நீங்கள் முதல் குடியுங்கோ மச்சாள்" என்று என்னிடமே நீட்டுகிறார்.

"ஆருக்குக் கலியாணம்?"

"உங்கட மகளுக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு, மலைக்குக் கீழ டவுன் கோயிலில. அவன் இந்த ஹோட்டலைக் கட்டின இஞ்சினியர். ஞானஸ்நானமும் எடுத்திட்டான். உங்களுக்கு முதலே சொல்லியிருந்தால், விசாரிச்சு விசாரிச்சே அவனைக் கிழவனாக்கியிருப்பியள்."

"வேட்டி அவனுக்கோ?"

"உங்களுக்கு. மகளைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறது பின்ன ஆர், அந்த றோபோவோ?"

எமிலியானுஸ் சிரிக்கவில்லை. "அவன் ஆரெண்டது பிரச்சினையில்லை. இந்த நாட்டில வீட்டுக்கு ஒரு பிள்ளை. ஒரே மகனை எந்தத் தாய் விடுவாள்? அப்ப எங்கட பிள்ளை இஞ்சதான்."

அல்போன்சம்மா கூறையை மடித்தாள். மடிப்புச் சரியாக வரவில்லை. அவளுக்கும் அதே பயம் இருப்பதை அவர் அப்போதுதான் கண்டார்.

நாலு மணிக்கு றொஷினி வந்தாள். கூட வந்தவன் ஹாவோ. வயது முப்பத்தாறு, முன் மயிர் கொஞ்சம் கொட்டிவிட்டது. கை கூப்பி, "வணக்கம் மாமா" என்றான்.

"இதை எத்தினை நாளாப் பழக்கினனி?" என்று மகளிடம் கேட்டார்.

"ரெண்டு கிழமை. அப்பா, கோவிக்காமல் கேளுங்கோ. செப்டெம்பரில ரெண்டு பேரும் மொன்றியாலுக்கு வாறம். என்ர கம்பனி அவருக்கும் அங்க வேலை குடுத்திட்டுது."

"எந்த வருசத்துச் செப்டெம்பர்?"

"இந்த வருசம்தான்."

"இவன்ர தாய் தேப்பன் விட்டிட்டினமோ? ஒரே பிள்ளையெல்லோ?"

றொஷினி சீன மொழியில் ஏதோ கேட்டாள். ஹாவோ நீளமாகச் சொன்னான். எமிலியானுஸ் அவனுடைய வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு தங்கச்சி இருக்கிறா அப்பா. தாய் தேப்பன் அவவோடதான் இருக்கினம். போய்ட்டு வா எண்டு அவையளே சொல்லிட்டினம்."

எமிலியானுஸின் தோள் இரண்டும் மெல்ல இறங்கின. ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

"படத்தைக் காட்டச் சொல்லு."

ஹாவோ போனை நீட்டினான். அதை வாங்கி, சுவரோரமாக யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், இரண்டு விரலால் பெரிதாக்கினார். தங்கைக்காரியைப் பார்த்தார், ஹாவோவைப் பார்த்தார், மறுபடியும் தங்கைக்காரியைப் பார்த்தார்.

"நாடி ஒண்டுதான்" என்றார். "காதும் ஒத்துக் கிடக்கு."

பிறகு போனைத் திருப்பிக் கொடுத்து, "கோயிலுக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடோணுமாம்?" என்று கேட்டார்.

"எட்டரைக்குப் போதும் எண்டுறார்."

"ஏழரைக்கு வெளிக்கிடுவம்" என்று வேட்டியைக் கையில் எடுத்தார் எமிலியானுஸ். "ரோட்டைப் பற்றி இவன் உண்மைதான் சொல்லுறானோ, ஆருக்குத் தெரியும்."