வாலில் ஒரு பட்டை

என் வீட்டுக்காரர் வாயிலிருந்து வருகிற வார்த்தைகளில் எனக்கு ஆகவே ஆகாதது "பாத்துக்கலாம்". நான் பசுமலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். அவர் வேலையை விட்டுவிட்டு, ஒரே ஒருவர் உட்காரக்கூடிய குட்டி விமானம் ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். கட்டுகிற இடம், கப்பலூரில் என் அண்ணனின் பஸ் பாடி பட்டறை.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் வந்து ஜெபம் செய்வார், அப்புறம் வற்றிக் கிடக்கும் கண்மாயில் விமானத்தைப் பறக்கவிடாமல் தரையில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு. பிரியாணிக்கும் சொல்லியாயிற்று. வாலோ இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. முனையைப் பிடித்து அழுத்தினால் வளைந்தது, முறுக்கிக்கொண்டும் போனது.

அண்ணனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான். பஸ்ஸில் எது ஆடினாலும் ஒரு பட்டையை வைத்து அடித்துவிடுவார். "இதுக்குப் போயா இம்புட்டு யோசிக்கிற மாப்ள? ஒரு பட்டைய வச்சா கம்முனு நிக்கும்" என்றார். வாலின் பின்பக்கம் கீலில் மேலும் கீழும் அசைகிற பலகை ஒன்று உண்டு. விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குவது அதுதான். அதன் பின் ஓரம் முழுக்க அலுமினியப் பட்டை வைத்து ரிவெட் அடித்தார்கள். சனிக்கிழமை நான் போனபோது இருவரும் அதைத் தட்டித் தட்டிப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றார்கள்.

நானும் தட்டினேன். கல்லு மாதிரி நின்றது. பிறகு, அதை இழுக்கும் கம்பியைக் கழற்றிவிட்டு, பலகையை மட்டமாகப் பிடித்துக் கையை எடுத்தேன். பின் ஓரம் டொக்கென்று கீழே விழுந்தது. கீலுக்குப் பின்னால் கனம் கூடிவிட்டால், வேகத்தில் காற்று ஒருமுறை உதறினால் போதும்; அந்தக் கனமே பலகையை மேலும் மேலும் உதறவைத்து வாலைப் பிய்த்துவிடும்.

"அண்ணே, வெறைப்பு வாலுக்குள்ள இருக்கணும். கனம் கீலுக்கு முன்னால இருக்கணும். நீங்க எல்லாத்தையும் பின்னால கொண்டுபோய் வச்சிருக்கீங்க."

"தரையிலதான தாயி ஓட்டப் போறாரு?"

"பாத்துக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

தரையோடு நிற்கிற ஆளா அவர்? சக்கரம் லேசாக எழும்பினாலே சந்தோஷத்தில், மூக்கை ஏற்றுகிற கம்பை இழுத்துப் பறந்துவிடுவார். எனக்குத் தெரியாதா? ஆத்திரம் தலைக்கேறியது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, அந்த ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு நான் ஓட்டுறேன். தரையிலதான?"

அண்ணன் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. வாலருகே போய்ப் பலகையைத் தூக்கிக் கையை விட்டார். விழுந்தது. மறுபடி தூக்கி விட்டார். முகம் வெளுத்துப்போயிற்று.

"மொதல்ல எறங்கு."

"ஏன்?"

"வால் பிஞ்சுரும். எறங்குன்னா எறங்கு."

"நீங்க உக்காந்தா மட்டும் பிய்யாதோ?"

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "மச்சான், பட்டைய எடுத்துருவோம். போதகர்ட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே ட்ரில்லை எடுக்கப் போனார்.

நான் ஜெயித்துவிட்டேன்தான். ஆனால் நான் ஏறி உட்கார்ந்ததும் தெரிந்த ஆபத்து, தான் உட்காரப்போகும்போது இந்த மனுஷனுக்குத் தெரியவே இல்லையே! இறங்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.