வேலாயுதத்தின் பத்தியம்

பெரிய ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்த அப்துல் முத்தலிபுக்குப் புண்ணைக் கழுவிக் கட்டுவதுதான் வேலை. அதோடு நிற்கிற ஆளா அவர்? நோயாளி இதற்கு முன் யாரிடம் மருந்து வாங்கினான், வீட்டுக்குப் போனால் யார் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள் என்று துருவித் துருவிக் கேட்பார். வேலையற்ற வேலை என்று மற்றவர்கள் கேலி செய்ததை மனுஷர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

1908ஆம் ஆண்டு மாட்டுவண்டிக்கார வேலாயுதம் வந்து சேர்ந்தான். சிராங்கூன் ரோட்டில் வண்டிச் சக்கரம் ஏறிக் காலில் ஆழமான புண். ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று வாரமாகியும் ஆறவில்லை. ஆளும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனான். உடம்பில் தெம்பில்லை, காலை வெள்ளிக்கிழமை வெட்டி எடுத்துவிட வேண்டியதுதான் என்று வெள்ளைக்கார டாக்டர் சொல்லிவிட்டார். ஒற்றைக் காலோடு எவன் வண்டி ஓட்டுவான்?

தினமும் பாலும் முட்டையும் கொடுத்தும் ஒருவன் இளைப்பானா? முத்தலிப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். காய்ச்சலில் வந்து படுத்தவன் புது மாப்பிள்ளை போல் பூரித்திருந்தான். வேலாயுதத்தின் பாலும் முட்டையும் போகிற இடம் புரிந்துவிட்டது.

"இங்க வர்றதுக்கு முன்ன மருந்து குடுத்த நாட்டு வைத்தியர் பத்தியம் போட்டிருக்காரு, பாய். நாப்பத்தெட்டு நாளைக்குப் பாலு, முட்டை ஆகாது," என்றான் வேலாயுதம்.

"அவரு மருந்தத்தான் விட்டுட்டியே."

"மருந்த விட்டேன். பத்தியத்த முறிக்கச் சொல்லி அவரு சொல்லலையே."

எவ்வளவு மன்றாடியும் அசையவில்லை. வேலை முடிந்ததும் முத்தலிப் அந்த வைத்தியர் தங்கராஜுவின் கடைக்கு நடந்தார். முதல் நாள் வைத்தியர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. இரண்டாம் நாள், தன்னை விட்டு ஓடியவனைப் பற்றிப் பேசாதே என்றார். மூன்றாம் நாள் வியாழக்கிழமை. முத்தலிப் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வைத்தியரே, உங்க மருந்து நின்னு மூணு வாரமாச்சு. பத்தியம் மட்டும் அங்க நடக்குது. நாளைக்குக் கால வெட்டப் போறாங்க."

மருந்து அரைத்த கை நின்றது. "மருந்து நின்னா பத்தியமும் போச்சுன்னு அந்த மடையனுக்குத் தெரியாதா?"

"நீங்க வந்து சொன்னாத்தான் கேப்பான்."

நாட்டு வைத்தியருக்கு வார்டில் இடமில்லை. முத்தலிப் நேரே டாக்டரிடம் போய் நின்றார். வைத்தியர் மருந்து தர வரவில்லை, ஒரு வார்த்தை சொல்ல வருகிறார். அந்தக் காலுக்கு இன்னும் பத்து நாள் கொடுங்கள், தேறாவிட்டால் என் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டில் நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா அது? டாக்டர் சரி என்று தலையசைத்தார். வார்டுக்கு வந்த தங்கராஜு பால் கோப்பையைத் தன் கையால் எடுத்து வேலாயுதத்திடம் நீட்டினார்.

"பத்தியம் முடிஞ்சுது. குடி."

வேலாயுதம் கும்பிட்டுவிட்டு ஒரே மூச்சில் குடித்தான்.

பத்தாம் நாள் டாக்டரே கட்டைப் பிரித்தார். புண்ணில் புதுச் சதை சிவப்பாக வளர்ந்திருந்தது.

"கால் இருக்குமா, பாய்?"

"இருக்கும்டா," என்றார் முத்தலிப். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அன்று மாலை புது நோயாளி ஒருவனைத் தூக்கி வந்தார்கள். டாக்டர் அவன் நாடியைப் பிடிக்கும் முன் முத்தலிபைக் கூப்பிட்டு, இவன் எந்த வைத்தியரின் பத்தியத்தில் இருக்கிறான் என்று முதலில் கேட்கச் சொன்னார்.