தலையில்லாத சேனை

"என்ன செய்றீங்க தம்பி?" என்று யாராவது கேட்டால் பஸால் பேச்சை மாற்றிவிடுவான். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் எடுத்தவன், அதுவும் வரலாற்றில். வேலையோ கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கைபேசி உறை விற்கும் கடையில். மனம் கிடந்தது வேறோரிடத்தில். விரல் உயரப் போர்வீரர்களை மேசையில் நிறுத்தி, தாயம் உருட்டி, பழைய சண்டைகளை மறுபடியும் நடத்துவதில். ஒருமுறை அதையும் சொல்லிப் பார்த்தான். கேட்டவர், "அல்லாஹ் லேசாக்குவான்" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

கல்முனைப் போர் விளையாட்டுக் கழகத்தில் அவனைத் தவிர இருந்த ஒரே உறுப்பினன் ஹிஷாம். பல் வைத்தியர் ஒருவரிடம் பொய்ப்பல் கட்டுகிறவன். ஈறு வார்க்கும் அதே இளஞ்சிவப்பு மாவில் அவன் வீரர்களை வார்த்துத் தந்தான். பஸால் சாயம் பூசினான். சாயம் உரிந்த இடங்களில் கண்டி அரசனின் படை ஈறு காட்டிச் சிரித்தது.

அந்தப் படைக்கு முதல் எதிரி வீட்டுக்குள்ளேயே இருந்தார். பஸாலின் தாய் சபியா உம்மா ஒருநாள் அலுமாரியைத் துடைக்கப் போனவர், கதவைத் திறந்தபடியே நின்றுவிட்டார்.

"என்ன மனே இது, ஊட்டுக்குள்ள இவ்வளவு உருவம்? மலக்குமார் எந்தப் பக்கத்தால வருவாங்க?" உருவமிருக்கும் வீட்டுக்கு வானவர் வரமாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை.

"விளையாட்டுச் சாமான் உம்மா."

"உனக்கு என்ன வயசு?"

பஸால் அலுமாரிக் கதவைச் சாத்தினான். உம்மா மௌலவியிடம் ஆளனுப்பிக் கேட்டார். தலை இல்லாவிட்டால் அது உருவமாகாது, மரத்துக்குச் சமம் என்று பதில் வந்தது. அன்று பின்னேரம் பஸால் கடையிலிருந்து திரும்பியபோது உம்மா பாயில் உட்கார்ந்து, பயற்றங்காய் கிள்ளுகிற அதே அமைதியோடு, நகவெட்டியால் வேலையை முடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டையும் எறியல்ல மனே. தலை மட்டும்தான்."

சேதி கேட்டு ஓடிவந்த ஹிஷாம் அலுமாரியை எட்டிப் பார்த்தான். "மச்சான், ராசாவையுமா?"

"ராசாவத்தான் முதல்ல."

கொழும்பில் வருடாந்தக் கூட்டம் அடுத்த கிழமை. நாட்டிலுள்ள போர் விளையாட்டுக்காரர் எல்லோரும் கூடும் இடம். பழைய கழகம் ஒன்றோடு ஒரு சண்டையை ஒழுங்காக ஆடி முடித்தால் புதிய கழகத்தைச் சங்கத்தில் சேர்ப்பார்கள். சேர்த்துவிட்டால், கேட்கிறவர்களுக்குச் சொல்லப் பஸாலிடம் ஒரு பதில் இருக்கும். அந்தப் பதிலுக்காகத்தான் தலையில்லாத சேனையைப் பஞ்சில் சுற்றிப் பிஸ்கட் பெட்டியில் அடுக்கி, இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள்.

மேசையில் மட்டக்களப்புக் கோட்டை. உள்ளே போர்த்துக்கேயர், வெளியே கண்டிப் படை. போர்த்துக்கேயரை நடத்தியவர் றஸாக், காப்புறுதிக் கம்பனியில் ஓய்வு பெற்றவர். அவருடைய வீரர்களுக்குப் புருவம்கூட வரைந்திருந்தது. பஸாலின் படையை மூக்குக்கண்ணாடியோடும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார்.

"தம்பி, இவங்களுக்கு என்ன வருத்தம்? தலையக் காணல்ல?"

"வருத்தமில்ல சேர். ஊட்டுச் சட்டம்."

பஸால் முதல் வெடிக்குத் தாயத்தை எடுத்தான். றஸாக் தடுத்தார். சுடுகிறவனின் கண்ணிலிருந்து எதிரியின் தலைக்கு நேர்கோடு பிடித்துப் பார்த்த பிறகே சுடலாம் என்பது விதி.

"கண் எங்க? கண்ணில்லாத ஆள் எப்பிடிச் சுடுறது?"

பஸால் தாயத்தைக் கீழே வைத்தான். றஸாக் தன் பீரங்கியைத் திருப்பினார். இப்போது ஹிஷாம் எழும்பினான்.

"சேர், எங்கட ஆளுக்குத் தலை எங்க? தலை தெரிஞ்சாத்தானே நீங்களும் சுடலாம்?"

சங்கத் தலைவர் மசூர் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். இரண்டு வாதமும் சரியாகவே இருந்தன. ஆக, ஒருவரும் சுடவில்லை. பஸாலின் படை பீரங்கிகளுக்கு நடுவால், கல்யாண வீட்டுக்குப் போகிறவர்களைப் போல நடந்துபோய்க் கோட்டைக்குள் நுழைந்தது. தேத்தண்ணி வருமுன்பே மட்டக்களப்பு விழுந்துவிட்டது.

"இத ஆட்டமெண்டு எழுத ஏலா," என்றார் மசூர். "ஆட்டமெண்டா ரெண்டு பக்கமும் சாகணும். பகலைக்குப் பொறகு தலையோட வாங்க, திரும்ப ஆடுவம். அப்பதான் சேக்கலாம்."

மாவு ஹிஷாமின் பையில் இருந்தது. பஸால்தான் தயங்கினான்.

"உம்மாட்டக் கேக்கணும்."

எல்லோரும் மேசையைச் சுற்றி நெருங்கினார்கள். கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில், கோட்டைக்குப் பக்கத்தில் வைத்தான். மசூர் தொண்டையைச் செருமினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா. நான் இங்க தலைவர் கதைக்கிறன்."

"வஅலைக்கும் ஸலாம். உங்கட ஊட்டுலயும் இந்தச் சாமான் இரிக்கா தம்பி?"

"ஓம் உம்மா. அலுமாரி நிறைய."

"தலையோடயா?"

மசூர் மறுபடியும் விதிப்புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். சுற்றி நின்றவர்களில் இரண்டொருவர் தரையைப் பார்த்தார்கள். பஸால் இடையில் புகுந்து, கண்ணிலிருந்து தலைக்குக் கோடு பிடிப்பதை விளங்கப்படுத்தினான். உம்மா பொறுமையாகக் கேட்டார்.

"அளக்கத்தானே தலை? அப்ப தொப்பிய மட்டும் வைங்க. தொப்பி உருவமில்ல. தொப்பியில இருந்து அளங்க."

மசூர் கூட்டத்தைப் பார்த்தார். கைகள் உயர்ந்தன. றஸாக்கின் கைதான் முதலில்.

பகல் சாப்பாட்டு நேரம் முழுவதும் ஹிஷாம் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து தொப்பி வார்த்தான். மண்டபம் பல் வைத்தியரின் அறைபோல மணந்தது. பின்னேரம் கண்டிப் படை, கழுத்துக்கு மேலே தொப்பி மட்டும் தரித்து, மறுபடியும் புறப்பட்டது.

றஸாக் ஒற்றைக்கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, ஒவ்வொரு தொப்பிக்கும் கோடு பிடித்தார். அரசன் முதலாவதாக விழுந்தான். பிறகு வரிசை வரிசையாக விழுந்தார்கள். விழுந்தவர்களைப் பஸால் பெட்டியில் போட்டுக்கொண்டே இருந்தான். இதுவரை எவரும் அவனை இவ்வளவு கவனமாகக் குறிபார்த்ததில்லை. கோட்டை அசையவில்லை. கடைசி வீரனும் விழுந்ததும் மசூர் எழும்பி வந்து கைகொடுத்தார்.

"கல்முனைக் கழகத்தச் சேத்தாச்சு தம்பி."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் உம்மாவின் அழைப்பு வந்தது.

"வெண்டயா மனே?"

"இல்ல உம்மா. ஒருத்தனும் மிச்சமில்ல."

"மறுகா என்னத்துக்குச் சிரிக்கிறாய்?"

"எங்களச் சேத்திட்டாங்க உம்மா."

"சேத்தா என்ன தருவாங்க?"

பஸால் யோசித்தான்.

"அடுத்த வருஷமும் சுடுவாங்க."



"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் உம்மா, அவ்வளவு நிச்சயமில்லாமல்.