கொலுப் படிக்குக் கீழே சட்லெஜ்

எங்கள் மாட்டுங்கா வீட்டுக் கொலுவில் ஒரு வருஷம் வெள்ளைக்காரர்களுக்கும் சீக்கியர்களுக்கும் யுத்தம் நடந்தது. முழுக் காரணமும் மாமாதான். அம்மாவின் தம்பியான அவர் கோட்டைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. கல்யாணம் ஆகாததால் எங்களோடு இருந்தார். அறுபதுகளின் நடுவில் அவருடைய மானேஜர் துரை மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியபோது, கப்பலில் ஏற்ற மனமில்லாத சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்களுக்கு மேஜை விளக்கு, நாற்காலி என்று உருப்படியாகக் கிடைத்தது. மாமாவுக்கு ஒரு மரப்பெட்டி நிறைய ஈயச் சிப்பாய்கள். சுண்டுவிரல் உயரத்தில், சிவப்புக் கோட்டுப் போட்ட கம்பெனிப் பட்டாளம் பாதி. தாடியும் தலைப்பாகையுமாக லாகூர்ச் சீக்கியப் பட்டாளம் பாதி. கூடவே பகடையும், எப்படிச் சண்டை போடுவது என்று சொல்லும் கையேடும் இருந்தன.

கொலுவுக்கு முன்னால் பார்க் போடுவது என் வேலை. கடுகு தூவி முளைக்கவைத்த புல், நடுவில் குளத்துக்காக முகம் பார்க்கும் கண்ணாடி. மாமா என் குளத்தைத் தூக்கிவிட்டு நீளமான கண்ணாடி ஒன்றைப் பதித்து, இதுதான் சட்லெஜ் ஆறு என்றார். காலித் தீப்பெட்டிகளைப் படகுகளாக நிறுத்தி, மேலே அட்டை போட்டுப் பாலம் கட்டினார். நூறு வருஷத்துக்கும் முன்னால் சீக்கியர்கள் இந்த ஆற்றை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சண்டை போட்டுத் தோற்றார்களாம். பாலம் உடைந்து ஏகப்பட்ட பேர் தண்ணீரோடு போனார்களாம்.

“இந்தத் தடவை என்ன ஆகும்னு பகடைக்குத் தெரியாது, கேட்டியா” என்றார் மாமா. எனக்கு அது போதும். சீக்கியர்கள் ஜெயிக்கப் போகிறார்கள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன்.

அம்மாவுக்கு யுத்தத்தைப் பற்றி ஆட்சேபம் இல்லை. மேல்படியில் துர்க்கையும் மகிஷனைக் குத்திக்கொண்டுதானே நின்றாள். செத்த சிப்பாயைப் படுக்க வைக்க வேண்டும் என்று கையேடு சொன்னதுதான் வம்பாகிவிட்டது.

“கொலுவிலே ஒண்ணும் படுக்கப்படாது. விஜயதசமி ராத்திரிதான் பொம்மையைப் படுக்க வைக்கறது. அதுவரைக்கும் ஒருத்தனும் சாக வேண்டாம்டா” என்றாள்.

மாமா கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். எழுதிய துரைக்கு இந்தச் சங்கடம் தோன்றியிருக்கவில்லை. கடைசியில், அடிபட்டவர்களை எல்லாம் சமையலறையில் அரிசி டின்னின் மூடிமேல் நிற்க வைப்பதென்று ராஜியாயிற்று. மாமா அதற்கு ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்தார்.

எதிராளிதான் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு இதற்கெல்லாம் பொறுமை கிடையாது. கீழ்வீட்டு சர்தார்ஜி வந்து சேர்ந்தது அப்போதுதான். பிரிவினையின்போது எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர். கோலிவாடாவில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்தார். அம்மா மஞ்சள் குங்குமத்துக்குக் கூப்பிட்டது அவர் சம்சாரத்தை. அவள் ஊரில் இல்லை. அழைப்பைத் தட்டக் கூடாது என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவரே வந்து நின்றுவிட்டார். ஆண்பிள்ளைக்கு எதைக் கொடுத்து அனுப்புவது என்று அம்மா விழித்துக்கொண்டிருக்கையில், அவர் தலைப்பாகைப் பட்டாளத்தைப் பார்த்து அப்படியே தரையில் சம்மணம் போட்டார்.

அதன் பிறகு தினமும் கடையை அடைத்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். முன்னேறும்போது லாரி மாதிரி உறுமிக்கொண்டு பகடையை வீசுவார். சரஸ்வதி பூஜை வருவதற்குள் அரிசி டின்மேல் சிவப்புக் கோட்டுகள் நிற்க இடமில்லாமல் நெருக்கியடித்தன.

பூஜையன்று புத்தகம் தொடக்கூடாது என்பதால் என் சிநேகிதிகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். சீக்கியர்கள் ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு பாய்ச்சல்தான் பாக்கி. அதுவரை களத்தையே பார்த்துக்கொண்டிருந்த சர்தார்ஜி, திரும்பிப் பாலத்தைப் பார்த்தார்.

“பஸ், பாபுஜி. அப் கர் சலேங்கே” என்றார். போதும், இனி வீட்டுக்குப் போகலாம் என்கிறார்.

“சர்தார்ஜி, ஆப் ஜீத் ரஹே ஹை” என்று மாமா தன் ஆபீஸ் இந்தியில் கெஞ்சினார். நீங்கள்தானே ஜெயிக்கிறீர்கள் என்று எதிரியிடம் மன்றாடிய சேனாதிபதி அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சர்தார்ஜி கேட்கவில்லை. தன் பட்டாளத்தைப் பாலத்தின் வழியாக அக்கரைக்குத் திருப்ப ஆரம்பித்தார். பாலத்தில் ஏறும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு முறை பகடை போட வேண்டும். ஒன்று விழுந்தால் பாலம் உடையும், மேலே இருப்பவர்கள் ஆற்றோடு போவார்கள். அத்தனை நாள் உறுமியவர் இப்போது பகடையைக் கைக்குள் பொத்திக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். தோற்கிற பயம் என்று நினைத்தேன். சுண்டல் பாத்திரத்தோடு வந்த அம்மா அதை இறக்கிவைக்காமல் நின்றாள். கடைசிக் கூட்டத்துக்குப் போட்ட பகடை உருண்டு செட்டியார் பொம்மைக்குப் பின்னால் போய்விட்டது. மாமா குனிந்து பார்த்து, “தோ” என்றார். இரண்டு. அவர்களும் கடந்துவிட்டார்கள்.

சர்தார்ஜி அந்தக் கரையில் நின்றவர்களை ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். களம் கம்பெனிக்கு என்று மாமா சுரத்தில்லாமல் அறிவித்தார். சிநேகிதிகள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பிரிவினைச் சமயத்தில் சர்தார்ஜியும் குடும்பத்தோடு ஒரு ஆற்றுப் பாலத்தைக் கடந்துதான் வந்திருக்கிறார், எதிர்த் திசையில். இந்தக் கரைக்கு வந்து எண்ணிப் பார்த்தபோது தங்கையைக் காணோம். அவர் சம்சாரம் சொல்லி அம்மாவுக்கு இது முன்பே தெரியும். எனக்குத் தெரிந்தது காலேஜ் போகிற வயதில். அன்றைக்கு நான் கண்டதெல்லாம், ஜெயித்த மாமா கையை நீட்டிக்கொண்டிருக்க, அம்மா முதல் கிண்ணம் சுண்டலை சர்தார்ஜியிடம் கொடுத்ததைத்தான். அம்மாவுக்கு விளையாட்டே புரியவில்லை என்று சிநேகிதிகளிடம் தலையில் அடித்துக்கொண்டேன்.