மழைக்கு நிறுத்தி வைத்தவர்

காலாப்பட்டுக்கு மேற்கே முள்காட்டில் மண் ஆராய வந்தவருக்குக் குழி வெட்டப் போனேன். காட்டை ஒட்டித்தான் எங்கள் மனை. மறுநாள் அஸ்திவாரம் தோண்ட மேஸ்திரியிடம் சொல்லியிருந்தேன்.

ஒல்லியான ஆள். ஒரு இடத்தில் நிற்கமாட்டார். ஒரு பிடி மண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலால் நாடாபோல நீட்டுவார். அறுந்தால் மறுபடி பிசைவார். டீ குடிக்கும்போதும் அப்படித்தான்.

குழியில் மேலே முழுக்கச் சரளைக்கல். கீழே போகப்போகக் கல்லோடு களிமண், கடப்பாரையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"இவ்ளோ கல்லு கெடக்குதே சார், பக்கத்துல நாங்க கட்டப்போற வூடு தாங்குமில்ல?"

"கல்லு சும்மா மெதக்குதுப்பா. வூட்டத் தூக்கறதும் எறக்கறதும் களிதான். இது தண்ணி குடிச்சா உப்புற களியான்னு பாக்கணும்."

"எந்த வகைன்னு இப்பவே சொல்லிடுங்க. நாளைக்கு மேஸ்திரி வராரு."

"ஒரு மழ பேயட்டும். அப்புறம் சொல்றேன்."

"அதான் தண்ணி ஊத்திப் பெசையறீங்களே!"

"கையளவு நனைஞ்சா கையளவுதான் தெரியும். குழி முழுக்க நனையணும்."

"மேஸ்திரிகிட்ட என்னா சொல்றது? வானத்தக் கேளுன்னா?"

சிரித்தார். கை மட்டும் பிசைந்துகொண்டே இருந்தது.

மேஸ்திரியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முத்தியால்பேட்டை வாடகை வீட்டில் தினமும் பேச்சு வாங்குகிறேன்.

"எவனோ மண்ணப் பெசைஞ்சான்னு இங்கியே கெடப்பியா?" என்கிறாள் மனைவி.

வாசலுக்குப் போய் மேகம் பார்க்கிறேன், உள்ளே வருகிறேன், மறுபடி போகிறேன். தெரியாது என்று சொன்ன ஆளை ஏன் நம்பினேன் என்று விளங்கவில்லை. மழை பெய்தால் திரும்பி வருவாரா என்றுகூட அவரிடம் கேட்கவில்லை.